மழை கேட்கும் தேதி

மேகம் இன்னும் விலகவில்லை. மேற்கு ஜன்னலோரம் மர நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்த எப்பிராயிம், மூக்குக் கண்ணாடியை வேட்டி நுனியில் துடைத்துத் துடைத்து வானத்தைப் பார்த்தார். மூன்று நட்சத்திரம். அது தெரிந்துவிட்டால் சபாத் முடிந்தது. யூதர்களுக்கு ஓய்வுநாள் முடிகிற கணக்கு அதுதான், கடிகாரமெல்லாம் அப்புறம் வந்தது. ஆனால் ஒரு வாரமாகச் சென்னையில் நட்சத்திரத்தைப் பார்த்தவன் யார்? மேலே சாம்பல் நிறத்தில் ஒரு வானம், கீழே அதே நிறத்தில் தண்ணீர். அடையாறு எங்கே முடிகிறது, ஜாபர்கான்பேட்டைத் தெரு எங்கே ஆரம்பிக்கிறது, கார்ப்பரேஷன் குப்பைத் தொட்டி எங்கே, கீழ்வீட்டுச் செங்கமலத்தின் தையல் மிஷின் எங்கே, ஒன்றும் தெரியவில்லை. காலையிலிருந்து மழை நின்றிருக்கிறது, நின்று என்ன, ஏரியை மறுபடி திறக்கப் போகிறார்கள் என்று மொட்டைமாடிக்கு மொட்டைமாடி கத்திச் சொல்கிறார்கள். அவருக்கு ஏரியைப் பற்றி அக்கறையில்லை. சபாத் முடிய வேண்டும். முடிந்தால்தான் கேட்க முடியும். மற்ற ஆறு நாளும் நின்றபடி சொல்லுகிற ஜெபத்தில் கேட்பதற்கென்றே வரிசையாக இடம் உண்டு, புத்தி கொடு, சுகம் கொடு, விளைச்சல் கொடு என்று. சபாத்தில் அதெல்லாம் கிடையாது, அந்த ஒரு நாளாவது ஆண்டவனை நச்சரிக்காதே என்று பெரியவர்கள் எடுத்துவிட்டார்கள். ஆக, நேற்றுச் சாயங்காலத்திலிருந்து அவர் சிப்போராவுக்காக முறைப்படி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மனசுக்குள் முனகினதெல்லாம் கணக்கில் வருமோ வராதோ. சிப்போரா அவர் மனைவி, செவ்வாய்க்கிழமை மத்தியானம் டயாலிசிஸுக்கென்று ஆட்டோவில் ஏறிப் போனவள், அன்று ராத்திரிதான் ஆறு உள்ளே வந்தது. புதன் காலையில் ஒரு தரம் போனில் வந்தாள். "இங்கயும் தண்ணி வந்துடுச்சு, எங்களை வேற எடத்துக்கு மாத்தறாங்களாம், படகு வரப்போவுதாம். நீங்க அரிசி டப்பாவ மேல எடுத்து வச்சீங்களா?" வைத்துவிட்டேன் என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் போன் செத்துப்போனது. அரிசி டப்பாவை அவர் அப்போது எடுத்து வைத்திருக்கவில்லை, அதற்கப்புறம்தான் வைத்தார்.

வியாழக்கிழமை ஒரு முறை அவளுக்கு ரத்தம் சுத்தம் செய்திருக்க வேண்டும். இன்றைக்கு, சனிக்கிழமை, இன்னொரு முறை. செய்யாவிட்டால் முதலில் கால் வீங்கும், அப்புறம் முகம், அப்புறம் மூச்சு. ஒரு தடவை ஒரே ஒரு நாள் தள்ளிப்போனதற்கே அவள் தலையணை மூன்றை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்து, "மீனு கரையில கெடக்கற மாதிரி இருக்கு" என்று சிரிக்கப் பார்த்தாள்.  வியாழக்கிழமை இறங்கிப் போகப் பார்க்காமலா இருந்தார்? மாடிப்படியில் பாதி இறங்குவதற்குள் தண்ணீர் மார்புக்கு வந்துவிட்டது, முட்டி வேறு மடங்கமாட்டேன் என்கிறது, செங்கமலம் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து மேலே கொண்டுவந்து போட்டாள். சட்டை கிழிந்தது. அந்தச் சட்டையைத்தான் இப்போதும் போட்டிருக்கிறார், சபாத்துக்கென்று வைத்திருந்த வெள்ளைச் சட்டை கொடியிலேயே ஈரமாக நாறிக்கொண்டிருந்தது. காலையில் போனை எடுத்து அமுக்கிப் பார்த்தார். சபாத்தில் போனைத் தொடக்கூடாது, ஆனால் உயிர்ப் பிரச்சினை என்றால் மீறலாம், மீறத்தான் வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. மீறினார். போன் கறுப்பாகவே இருந்தது. மீறியும் ஒன்றும் நடக்காதபோது அது மீறினதா மீறாததா என்று யோசித்துக்கொண்டே அதைத் திரும்ப அலமாரியில் வைத்தார்.

மடியில் காலண்டர் இருந்தது. அதைப் பார்க்கக்கூடாது என்று மத்தியானத்திலிருந்து வானத்தைப் பார்க்கிறார், பார்வை தானாகக் கீழே வருகிறது. சுவரில் மாட்டுகிற காலண்டர் இல்லை, சின்னப் புத்தகம், வருஷத்துக்கு ஒன்று. எந்த நாளைக்கு எந்த ஜெபம், எதைச் சேர்க்க வேண்டும், எதை விட வேண்டும், விளக்கு எப்போது ஏற்ற வேண்டும், எல்லாம் நாள்வாரியாக அதில் இருக்கும். செங்கமலம் அதை "சாரோட பஞ்சாங்கம்" என்பாள். பத்து ஆண்கள் சேர்ந்தால்தான் கூட்டு ஜெபம், இந்த ஊரில் பத்து யூதர்களைத் தேடுவதைவிட அடையாற்றில் முத்துக் குளிக்கலாம், ஆகவே எப்பிராயிமுக்குக் கோவிலும் அதுதான், குருவும் அதுதான். படித்துத் தெளிந்தவர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது. துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் காலம் பூராவும் வேலை பார்த்தவர், மேலே இருந்து வருகிற உத்தரவைக் கேள்வி கேட்காமல் செய்து பழகியவர். காலண்டர் சேர் என்றால் சேர்ப்பார், விடு என்றால் விடுவார். பம்பாயிலிருந்து மெயிர் மாமா வருஷா வருஷம் அனுப்புவார், பம்பாய் நேரத்துக்குப் பக்கத்தில் மெட்ராஸ் நேரத்தைப் பென்சிலில் எழுதி. டிசம்பர் பிறந்ததும் போன் வேறு செய்வார். "எப்பிராயிம், இன்னைக்கு ராத்திரிலேர்ந்து மழை. மறந்துடாத, மறந்தா திரும்ப முதல்லேர்ந்து சொல்லணும்." ஜெபத்தில் ஒன்பதாவது இடத்தில் விளைச்சலுக்கு ஒரு ஆசீர்வாதம் உண்டு, அதற்குக் கோடைக்கு ஒரு வாசகம், மழைக்கு ஒரு வாசகம். மழைக்கான வாசகத்தில்தான் பனியும் மழையும் கொடு என்று வாய்விட்டுக் கேட்பது வருகிறது. மாமா போன வருஷம் போய்ச் சேர்ந்தார். இந்த வருஷக் காலண்டரை இஸ்ரவேலில் குடியேறிவிட்ட மகள் யாயேல் பெயெர்செபாவிலிருந்து அனுப்பினாள், வழவழ என்று தாள், மாதுளம்பழம் படம். "மாமா இல்லன்னா என்னப்பா, நான் அனுப்பறேன்" என்றாள்.

அதில்தான் போட்டிருந்தது, யூதக் கணக்கில் ஹெஷ்வான் மாதம் ஏழாம் நாள் ராத்திரி, அதாவது அக்டோபரில், மழை கேட்க ஆரம்பி என்று. தீபாவளிக்கு முன்னாலேயே. என்னடா இது, இவ்வளவு சீக்கிரம் வருகிறதே என்று ஒரு நிமிஷம் தோன்றத்தான் செய்தது. தோன்றினவர் யாரையாவது கேட்டிருக்கலாம் இல்லையா? கேட்கவில்லை. மாறாகச் சந்தோஷப்பட்டார். டிசம்பரில் ஊரே பெய்து ஓய்ந்த பிறகு மழை கேட்பதில் அவருக்கு எப்போதுமே கொஞ்சம் வெட்கம், கல்யாணம் முடிந்தபின் மொய் எழுதப் போகிறவன் மாதிரி. இப்போதுதான் காலண்டருக்குப் புத்தி வந்திருக்கிறது, வடகிழக்குப் பருவமழை ஆரம்பிக்கிற நேரம் தெரிந்து போட்டிருக்கிறான் என்று நினைத்தார். அக்டோபரில் ஊர் கிடந்த கிடப்பு என்ன! தண்ணி லாரிக்குப் பின்னால் சிப்போரா குடத்தோடு நிற்கக்கூடாது என்று இவர் முட்டி வலியோடு நின்றார். ஆகவே மனசாரக் கேட்டார். வாழ்நாளில் முதல் தடவையாக அந்த வரியை அர்த்தம் தெரிந்து கேட்டார், ஒரு நாளைக்கு மூன்று வேளை, கண்ணை மூடிக்கொண்டு. தீபாவளிக்கு அடித்தது மழை. "பாத்தியா" என்றார் சிப்போராவிடம். "ஆமா, நீங்க கேட்டுத்தான் பெய்யுது, மெட்ராசுக்கே நீங்கதான் மொதலாளி" என்று அவள் துணியை உள்ளே எடுத்துப் போட்டாள். இவர் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். அதுவும் விடாமல் பெய்துகொண்டே இருந்தது.

இன்று மத்தியானம் வேறு ஒன்றும் படிக்க இல்லாமல் இந்த வாரத்துப் பக்கத்தைப் பிரித்தார். டிசம்பர் ஐந்து. அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: இஸ்ரவேல் தேசத்துக்கு வெளியே வசிப்போர் இன்று இரவு முதல் மழை கேட்கத் தொடங்குவர். ஒரு தரம் படித்தார். கண்ணாடியைக் கழற்றி மாட்டித் திரும்பப் படித்தார். அப்படியானால் அந்த ஏழாம் நாள் அவருக்கு இல்லை. அது அந்த மண்ணுக்கு, யாயேல் இருக்கிற மண்ணுக்கு. பெயெர்செபாக்காரனுக்கு எழுதினதை ஜாபர்கான்பேட்டையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். மெயிர் மாமா இருந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். அந்த மாமாதான் எப்போதோ சொன்னார், பண்டிகை முடிந்த கையோடு ஏன் மழை கேட்பதில்லை தெரியுமா என்று. எருசலேமுக்குப் பண்டிகைக்கு வந்த யாத்திரிகர்கள் நடந்து ஊர் திரும்ப வேண்டும், ரொம்பத் தூரத்து ஆளின் வீடு பதினைந்து நாள் நடையில் ஒரு ஆற்றங்கரையில் இருக்கும், அந்தக் கடைசி ஆளும் நனையாமல் வீடு போய்ச் சேரட்டும் என்று பொறுத்திருந்து அப்புறம்தான் கேட்பார்களாம். கடைசி ஆள் வீடு சேரட்டும். எவ்வளவு நல்ல மனசு! அதைக் கேட்டு வளர்ந்தவர், தன் பெண்டாட்டி ஆட்டோவில் ஏறின அன்று காலையிலும் மழை கேட்டார். ஆட்டோ தெருமுனை திரும்பின பிறகு மத்தியான ஜெபத்திலும் கேட்டார். ஐயோ, நேற்று மத்தியானம்கூடக் கேட்டார், முழங்கால் ஈரம் காயாமல், அவள் எங்கே என்று தெரியாமல், காலண்டர் சொல்கிறதே என்று. அந்த நேரத்தில் நாக்கு எப்படிப் புரண்டது என்று இப்போது நினைத்தால் நாக்கையே பிடித்து இழுத்துப்போடலாம் போலிருக்கிறது.

"சார், இருட்டுல இன்னா பண்றீங்க? பன்னு ரெண்டு வச்சிருக்கேன், துன்னுங்க. போட்ல வந்த பசங்க குடுத்தாங்க." செங்கமலம் ஹாலிலிருந்து வந்தாள். கீழ்வீடு மூழ்கினதிலிருந்து அவள் ஜாகை இந்த ஹாலில்தான். புருஷன் இல்லாதவள், சிப்போராவுக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்தே அவளோடு ஒட்டிக்கொண்டவள். மிஷின் போய்விட்டது, தைக்க வாங்கின துணியெல்லாம் போய்விட்டது, ஆனாலும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நாள் பூராவும் மாடிக்கும் ஹாலுக்கும் ஓடிக்கொண்டிருக்கிறாள்.

"அம்மாவப் பத்திக் கேட்டியா?"

"கேக்காம இருப்பனா? அந்தாண்ட இருந்த பேஷண்ட்டுங்கள எல்லாம் மேட்டாண்ட கூட்டினு போய்ட்டாங்களாம். எந்த எடம்னு இவனுங்களுக்குத் தெர்ல. நல்லா இருப்பாங்க சார், அம்மாக்கு இன்னா, கெட்டி."

"செங்கமலம், இந்த மழைய நான்தான் கேட்டேன்." சொல்லிவிட்டார். காலண்டரைத் தூக்கிக் காட்டி, தேதி மாறிப்போனதை, கேட்கக்கூடாத நேரத்தில் தினமும் மூன்று வேளை கேட்டதை எல்லாம் கொட்டினார்.  அவள் பன் பாக்கெட்டைக் கையில் வைத்தபடியே கேட்டாள், கேட்டுவிட்டு இடுப்பில் கை வைத்துச் சிரித்தாள்.

"அட, இன்னா சார் நீங்க! உங்க நாக்கு இன்னா கருநாக்கா? நான் ஆடில கூழ் ஊத்திட்டு மாரியாத்தாகிட்ட கேட்டேன், மழைய குடு தாயேன்னு. எதிர்வூட்டு பாய் தர்காவுல கேட்டாரு. தண்ணி லாரி பின்னாடி ஓடுன ஜனம் பூரா கேட்டுச்சு. உங்க ஒருத்தர் கேட்டா இவ்ளோ மழையும் வந்துச்சு? போங்க சார். அப்புடியே கருநாக்குதான்னா, நல்லதா நாலு வார்த்த சொல்லி வைங்க, என் மிஷினு கெடைக்கட்டும்." பாக்கெட்டை அவர் மடியில் காலண்டர் மேலேயே வைத்துவிட்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டாள்.

ஆறுதலுக்குத்தான் சொன்னாள். ஆனால் அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏன் இவ்வளவு கோபம் என்று அவருக்கே புரியவில்லை, பன் பாக்கெட்டை எடுத்து ஜன்னல் மேடையில் தட்டென்று வைத்தார். ஊர் பூராவும் கேட்டதாம். பாய் கேட்டாராம். இவர் கேட்டது எதிலும் சேர்த்தியில்லையாம். அப்படியானால் இவர் குரல் எங்கேயுமே போய்ச் சேரவில்லையா? அங்கேதான் அவருக்கு எதுவோ இடறியது, இடறின இடத்தையே திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்தார். ஜெபத்தில் ஒன்பதாவது மழை. அதற்கு நேர் முன்னால், எட்டாவது, நோயாளிகளுக்குச் சுகம் கேட்பது. பேரைச் சொல்லியே கேட்கலாம், தகப்பன் பேர் அல்ல, தாய் பேரோடு. ரஹேலின் மகள் சிப்போரா. சிறுநீரகம் கெட்டுப்போனது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து, மாமியாரோடு பேச்சுவார்த்தை சரியில்லாமலே காலம் தள்ளின மனிதர், மூன்று வேளையும் மாமியார் பேரைச் சொல்லி ஆண்டவன் முன்னால் நிற்கிறார். ஒன்றும் நடக்கவில்லை. கிரியாட்டினின் ஏறிக்கொண்டேதான் போயிற்று. எட்டாவதைக் கேட்காத காது ஒன்பதாவதைக் கேட்டது, அதுவும் கேட்ட மாத்திரத்தில், கேட்டதற்கு மேலேயே. ஒரு வேளை இத்தனை நாள் மூடியிருந்த காது இந்த அக்டோபரில்தான் திறந்ததோ? திறந்திருந்தால் இன்று எட்டாவதும் உள்ளே போகும். இந்த மழை இவரால் வந்தது என்றால் மூழ்கின வீடெல்லாம் இவர் தலையில், செங்கமலத்தின் மிஷின் இவர் தலையில், ஆனால் காது திறந்திருக்கிறது. இவரால் வரவில்லை என்றால் இவர் நிரபராதி. நிரபராதி, ஆனால் இந்த ஜன்னல் முன்னால் நின்று சுவரோடு பேசுகிறவர், சிப்போராவுக்கு இவரால் ஆகக்கூடியது ஒன்றுமே இல்லை, ஆட்டோ இல்லை, முட்டி இல்லை, போன் இல்லை, இதுவும் இல்லை. அவருக்குப் பாவம் வேண்டியிருந்தது. இந்த வயதில், சபாத் நாளில், ஊரை மூழ்கடித்த பாவம் தன்னுடையதாக இருக்க வேண்டுமே என்று ஒரு மனிதன் ஆசைப்படுகிறான், இதை யாரிடம் சொல்வது? பன்னைப் பிய்த்து வாயில் போட்டார், மென்றார், விழுங்க முடியவில்லை.

காலண்டரில் எழுத்து இப்போது தெரியவில்லை. அதில் போட்டிருந்த நேரமும் எருசலேம் நேரம், இங்கே உதவாது. எழுத்து தெரியாத அளவுக்கு இருட்டினால் ராத்திரிதான், நட்சத்திரம் மேகத்துக்கு மேலே எங்கேயாவது வந்திருக்கும் என்று முடிவு செய்துகொண்டு எழுந்தார். முட்டி சடக்கென்றது. மேற்கே திரும்பினார், எருசலேம் அந்தப் பக்கம்தான், அடையாறும் அந்தப் பக்கம்தான், சிப்போராவை ஏற்றின படகும் அந்தப் பக்கம் எங்கேயோதான் போயிருக்கும். இரண்டு பாதத்தையும் சேர்த்து வைத்தார். ஆரம்பித்தபின் நகரக்கூடாது. வாய் தானாக ஓடியது, பழகின வாய், ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆசீர்வாதங்கள் போய்க்கொண்டே இருந்தன, மனசு அதற்குப் பக்கத்தில் வேறு வழியில் நடந்தது. இன்று மழை கேட்பது முறை. இன்று தேதி சரி. கேட்காவிட்டால் திரும்ப முதலிலிருந்து சொல்ல வேண்டும். ஆனால் கடைசி ஆள் இன்னும் வீடு சேரவில்லையே. அவள் எந்த மொட்டைமாடியிலோ, எந்தப் பள்ளிக்கூட பெஞ்சிலோ, மூன்று தலையணைக்கு எங்கே போவாள், யார் மேலே சாய்ந்துகொண்டு இருப்பாள்? மழை வந்தால் படகு வராது. படகு வராவிட்டால் டயாலிசிஸ் மெஷின் இருக்கிற ஆஸ்பத்திரி கிடையாது. எட்டாவது வந்துவிட்டது. சிப்போரா, ரஹேலின் மகள் என்றார். இன்னொரு தரம் சொன்னார். ஒரு தரம்தான் சொல்ல வேண்டும், அவர் ஏழெட்டுத் தரம் சொன்னார், மாமியார் பேரை அவ்வளவு ஆசையாக அந்த அம்மாள் உயிரோடு இருந்தபோது ஒருநாளும் கூப்பிட்டதில்லை. கண்ணீர் மீசையில் இறங்கியது.

ஒன்பதாவது. வாய் நின்றுவிட்டது. மொட்டைமாடியில் செங்கமலம் யாரோடோ பேசுகிற சத்தம், தண்ணீர் படிக்கட்டில் மோதுகிற சத்தம். கோடை வாசகத்தைச் சொல்லி நழுவிவிடலாம். சொன்னால் இந்தத் தெருவுக்கு நல்லது. ஆனால் இதுநாள் வரை எந்த வரியைச் சொல்லித் திறந்த கதவோ அது, அதே வரியைச் சொல்லாமல் எட்டாவதை மட்டும் எப்படி உள்ளே அனுப்புவது? ஒரே காது. இதைக் கேள், அதைக் கேட்காதே என்று அந்தக் காதுக்கு யார் சொல்வது? செங்கமலம், மன்னிச்சுக்க. மெயிர் மாமா, மன்னிச்சுக்குங்க. அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, இவ்வளவு தண்ணீருக்கு நடுவில், மழை கொடு என்று கேட்டார். முணுமுணுக்க வேண்டியதைக் குரல் விட்டுக் கேட்டார். பனியையும் மழையையும் கொடு, பூமியின் மேல் கொடு, கொடு. அக்டோபரில் கேட்டதைவிட மனசாரக் கேட்டார். மிச்சத்தை எப்படி முடித்தார் என்று அவருக்கே தெரியாது. முறைப்படி மூன்று அடி பின்னால் வைத்து, குனிந்து, ஜன்னலுக்குப் போய், கம்பிக்கு வெளியே கையை நீட்டினார். உள்ளங்கை மேலே பார்த்தபடி. ஒரு துளி போதும். ஒரே ஒரு துளி விழுந்தால் போதும், கேட்டுவிட்டான் என்று தெரிந்துகொள்வார், அப்புறம் மழை எத்தனை நாள் வேண்டுமானாலும் நிற்கட்டும். காற்று கொஞ்சம் அடித்தது. மழைக்காற்றுதான், மழைக்காற்றுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மாடியிலிருந்து செங்கமலம் கத்தினாள், ஒரு வாரமாக அவளிடம் இல்லாத குரலில். "சார்! சார்! மேல வாங்க சார்! மேகம் பிச்சுக்கிச்சு! பாருங்க, உங்க நட்சத்திரம் வந்துடுச்சு! ஒண்ணு, தோ, ரெண்டு..." யாரோ கை தட்டினார்கள். பக்கத்து மாடியிலும் தட்டினார்கள். "மூணு சார்! மூணும் வந்துடுச்சு! இனிமே மழ இல்ல சார்!"

எப்பிராயிம் கையைத் திருப்பிப் பார்த்தார், காய்ந்திருந்தது. வேட்டியில் ஒரு தரம் துடைத்துவிட்டு மறுபடி வெளியே நீட்டினார்.